பறப்பச்சவியல்: செம்பூர்ப் பாடம்

1. பாயிரம்

அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கோடு நிறுத்திக்கொண்டார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அவர் காலத்தில் மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு நேர் விமானம் கிடையாது. அக்குறை தீரவே இவ்வியல் எழுந்தது.

இதற்கு நிலம் மும்பையின் செம்பூர். பொழுது நள்ளிரவு. கருப்பொருள், ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ, அதற்குள் சாம்பார்ப் பொடியும் நார்த்தங்காயும். தலைமக்கள், மகளின் பிரசவத்துக்கோ பேரனின் பூணூலுக்கோ புறப்பட்ட, அறுபதைக் கடந்த மாமாவும் மாமியும். உரிப்பொருள், சுமார் 12,500 கிலோமீட்டரும் 16 மணி நேரமும் நீளும் வயிற்றுக் கலக்கம். துபாய், மஸ்கட் போவோர் இவ்வியலில் அடங்கார். சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறவர்களுக்கு அச்சம் முற்ற நேரமில்லை.

2. நான்கும் விமானத்தில் உள என்பது

அணங்கு: கண்ணுக்குத் தெரியாமல் வருத்துவது. வானில் இது காற்றுக் குலுக்கலாக வரும். தெளிந்த வானத்தில், காப்பி கையில் இருக்கும்போது வருவது இதன் இயல்பு. குலுக்கலில் இறக்கை முறியும் என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. என்னை? 2010 மார்ச்சில் போயிங் நிறுவனம் 787 விமானம் ஒன்றைத் தரையில் நிறுத்தி, பறக்கையில் வரக்கூடிய அதிகபட்சச் சுமைக்கு ஒன்றரை மடங்கை ஏற்றி அதன் இறக்கைகளை வளைத்துப் பார்த்தது. நுனி ஏறக்குறைய 25 அடி மேலெழுந்தது, முறியவில்லை. ஆகவே இறக்கை ஆடுவது கண்டு அஞ்சற்க. பெல்ட் போடாமைக்கு அஞ்சுக. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மர் வானில் குலுங்கியபோது, பெல்ட் இல்லாதவர்கள் இருக்கையை விட்டுத் தூக்கியெறியப்பட்டார்கள்.

விலங்கு: ஈண்டு எஞ்சின். ஓடுபாதையை விட்டெழுந்த சிறிது நேரத்தில் காலடியில் தடாலென்று ஒரு சத்தம் கேட்கும். சக்கரங்கள் உள்ளே போகின்றன. அடுத்து, அதுவரை உறுமியது சட்டென்று அடங்கும். எழும்பத் தேவைப்பட்ட விசை இனி வேண்டாம் என்று குறைக்கிறார்கள். விழுகிறோம் என்று வயிறு சொல்வது இவ்விடத்தில்தான்.

“ஏன்னா, எஞ்சின் நின்னுடுத்தா?”

“கியர் மாத்தறான். பேசாம இரு.”

மாமாவின் விடை பிழை, தொனி சரி. நின்றேபோனாலும் என்ன? 11 கிலோமீட்டர் உயரத்தில் எல்லா எஞ்சினும் அணைந்தால்கூடப் பெரிய விமானம் 150 கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிப் போகும். செம்பூருக்கு மேலே அணைந்தால் புனே எட்டிவிடும். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் விமானம் ஒன்று அட்லாண்டிக் கடலின் மேல் எரிபொருள் தீர்ந்து, 19 நிமிடம் சறுக்கி, 306 பேரோடும் அசோர்ஸ் தீவில் இறங்கியது. ஒருவரும் சாகவில்லை.

கள்வர்: கைப்பையைத் திறக்கச் சொல்வோர். 2006-இல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி ஒன்று பிடிபட்ட பிறகு, கைப்பையில் திரவம் 100 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடாதென உலகெங்கும் விதி வந்தது. தயிர்சாதம் திரவமா, திடமா? இறுகப் பிசைந்தது திடம் என்பது ஒரு பட்சம். கரைத்துப் பிசைந்தது திரவம் என்பது மறு பட்சம். இரண்டு பட்சமும் அறியாத ஒருவர் கையில் தீர்ப்பு இருக்கிறது என்பதே மாமியின் அச்சம்.

இறை: வந்திறங்கும் நாட்டில் கண்ணாடிக்குப் பின் அமர்ந்து உள்ளே விடுபவர். எத்தனை நாள் தங்கலாம் என்பது அவர் திருவுள்ளம். நடுவானில் மாமா முணுமுணுப்பது மந்திரம் என்று எண்ணற்க. மகன் வீட்டு விலாசம்.

3. எதிர்வாதமும் மறுப்பும்

உயரமே அச்சத்துக்குக் காரணம் எனின், அன்று. விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகம் போனால் 2,400 மீட்டர் மலையில் இருப்பதற்குச் சமம். 787-இல் சுமார் 1,800 மீட்டர்தான். ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியில் பஜ்ஜி தின்றவர்களுக்கு இந்த வாதம் செல்லாது.

ஆபத்தே காரணம் எனின், அதுவும் அன்று. இதே மாமா முப்பது வருஷம் ஹார்பர் லைனில் போய் வந்தவர். மான்கூர்ட் தாண்டி வாஷி பாலம் வந்ததும் கதவோரம் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, கீழே கடலைப் பார்த்தபடி காற்று வாங்கியவர். மும்பை லோக்கல் ரயில் தடங்களில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். அது தெரிந்தும் அவர் அஞ்சவில்லை.

4. ஐந்தாம் அச்சம்

ஆதலின், தொல்காப்பியர் நான்கோடு ஐந்தாவதாகச் சும்மா இருத்தலையும் சேர்த்துக்கொள்க.

லோக்கலில் மாமாவுக்கு வேலை உண்டு. குர்லாவில் யார் இறங்குவார் என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். மூவர் இருக்கையில் நாலாவது ஆளுக்கு இடுப்பைத் திருப்பி இடம் பண்ண வேண்டும். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று புதியவனுக்கு அறிவிக்க வேண்டும். ஓய்வுபெற்ற பின்னும் சொசைட்டி கணக்கு, தண்ணீர் டேங்கர், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சபாக் கச்சேரிக்கு முன்வரிசையில் துண்டு போடுதல் என்று அவருக்கு நாள் போதாது. அப்படிப்பட்டவரை நடு இருக்கையில் கட்டிப்போட்டு, பைலட் முகத்தைக்கூடக் காட்டாமல் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஸ்டியரிங் தன் கையில் இருந்தால் பயம் குறையும் என்பது மனநூலாருக்கும் உடன்பாடு. சும்மா இருப்பதே சுகம் என்றவர்கள் மலைக்குகையில் இருந்தார்கள். எகானமி வகுப்பில் அல்ல.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்து 260 உயிர்கள் போன பிறகு, “பயப்படாதே” என்று யாருக்கும் சொல்ல நா எழாது. பயத்தை ஒழிப்பது இவ்வியலின் நோக்கம் அன்று. அதற்கு ஒரு வேலை கொடுத்து உட்காரவைக்கலாம், அவ்வளவே.

5. பரிகாரம்

கவசம்: சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் ஏறக்குறைய இருபது நிமிடம். நியூயார்க் வரை 48 தடவை கேட்கலாம். உறுப்பு உறுப்பாகக் காக்கச் சொல்லும் நூலாதலால், கவனமும் தலையிலிருந்து கால் வரை இறங்கி வருகிறது. நாலாம் சுற்றுக்குள் தூக்கம் பிடிப்பதாக மாமிகள் கூறுவர்.

படியேறல்: செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளையும் கண்ணை மூடி மனத்தால் ஏறுக. படிக்கு ஒரு மூச்சு; இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சு நிதானப்பட்டால் நெஞ்சுப் படபடப்பும் அடங்கும். முழங்கால் வலியில்லாமல் சந்நிதி சேர்வது உபரி லாபம்.

மேற்பார்வை: எதிரே உள்ள திரையில் வரைபடத்தைப் போட்டு, உயரம், வேகம், வெளி வெப்பம் மைனஸ் 55 என்று குறித்து வருக. செம்பூரை அடுத்த உர ஆலையிலும் அணு ஆராய்ச்சி மையத்திலும் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு இது கைவந்தது. விமானம் தம் பொறுப்பில் போகிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் அச்சம் நீங்கும், தூக்கமும் நீங்கும்.

இடமும் நடையும்: இறக்கை அருகில் இடம் கேட்க, அங்கே ஆட்டம் குறைவு. ஒன்றிரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்க, காலில் ரத்தம் உறையும் வாய்ப்புக் குறையும். தண்ணீர் குடிக்க. பக்கத்து வீட்டார் தந்த தூக்க மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் விழுங்கற்க.

6. புறனடை

மேற்கண்ட அச்சம் போகும்போது மட்டுமே காணப்படும். திரும்பும்போது அறவே இல்லை. அதே வானம், அதே குலுக்கல், அதே நடு இருக்கை. வேறுபாடு யாதெனின், இடையே நியூ ஜெர்சியில் ஆறு மாதம் கழிந்திருக்கிறது. மகனும் மருமகளும் ஆபீசில், பேரன் டேகேரில், காரின்றிக் கடைக்குப் போக வழியில்லை, நடைபாதையில் பேச ஆளில்லை, சொசைட்டி மீட்டிங் இல்லை. ஆறு மாதம் சும்மா இருந்து கரைகண்டவருக்குப் பதினாறு மணி நேரம் ஒரு பொருட்டா? விமானம் எழும்புமுன்னே மாமா குறட்டை விடுகிறார். ஐந்தாம் அச்சம் உண்டென்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா என்க.