ஆவடி போனால் போதுமா?

சென்ட்ரலிலிருந்து ரயிலில் திருநின்றவூர் போகிறவர் ஆவடியைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காக ஆவடி போகும் வண்டியில் எல்லாம் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. பல வண்டிகள் ஆவடியோடு நின்றுவிடும். தாண்டிப் போகிறவற்றிலும் சில, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் பக்கம் திரும்பிவிடும். கொரட்டூரிலோ பட்டரவாக்கத்திலோ ஏறுகிறவருக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. திருவள்ளூரா, அரக்கோணமா என்று போர்டைப் பார்க்கிறார், ஏறுகிறார், இடம் கிடைத்தால் தூங்கவும் செய்கிறார். அதே மனிதர் ரயில்வே தேர்வுக்குப் போய் உட்கார்ந்து, 'தேவையான நிபந்தனை எது, போதுமான நிபந்தனை எது' என்ற வகைக் கேள்வி திரையில் வந்ததும் மவுஸைப் பிடித்தபடி கூரையைப் பார்க்கிறார். ஆவடி போவது திருநின்றவூருக்குத் தேவை, ஆனால் போதாது என்பதைக் கால்நூற்றாண்டாக உடம்பால் அறிந்தவருக்கு, அதையே 'அ', 'ஆ' என்று எழுதினால் புரிவதில்லை. கோளாறு அவர் மூளையில் இல்லை என்பது என் கட்சி.

கோளாறு நம் பேச்சு மரியாதையில் இருக்கிறது. 'ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் பை இலவசம்' என்று கடைக்காரர் சொன்னால், வாங்காதவருக்கும் பை உண்டோ என்று யாரும் கேட்பதில்லை. சொல்லாத ஒரு 'தானை' நாமே சேர்த்து, 'வாங்கினால்தான் பை' என்று கேட்டுக்கொள்கிறோம். எல்லாருக்கும் பை என்றால் அவர் ஏன் ஆயிரம் ரூபாயைப் பற்றிப் பேச வேண்டும்? நியாயமான ஊகம். கெய்ஸ், ஸ்விக்கி என்ற இரு மொழியியலாளர்கள் 1971இலேயே இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். உலகமே இப்படித்தான் கேட்கிறது. 'வாங்கினால்' என்பது போதுமானதைச் சொல்கிறது, 'வாங்கினால்தான்' என்பது தேவையானதைச் சொல்கிறது. கடையில் இரண்டையும் கலந்து கேட்பவர் விவரமான ஆள். தேர்வில் அப்படிக் கேட்டால், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை ரயில்வே வெட்டிவிடும்.

இதற்கு ஆய்வுக்கூடச் சாட்சியும் உண்டு. 1966இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் நான்கு சீட்டு வைத்து ஒரு புதிர் போட்டார். ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும் என்பது விதி; அதைச் சோதிக்க எந்தெந்தச் சீட்டைத் திருப்ப வேண்டும்? பத்துப் பேரில் ஒருவர் தேறினாலே அதிகம். பிறகு 1982இல் புளோரிடாவில் அதே புதிரை, பீர் குடிக்கிறவருக்கு உரிய வயது ஆகியிருக்க வேண்டும் என்று மாற்றிக் கேட்டார்கள்; நான்கில் ஏறத்தாழ மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். பீர் வேண்டாம், பாடி மேம்பாலத்தடிக்கு வருவோம். டூவீலர் ஓட்டினால் ஹெல்மெட் போட வேண்டும். அங்கே நிற்கும் போக்குவரத்துக் காவலர், வண்டியில் வருகிறவரின் தலையைப் பார்ப்பார். வெறுந்தலையைக் கண்டால் கீழே வண்டி இருக்கிறதா என்று பார்ப்பார். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்து போகிறவரை நிறுத்தி, 'ஹெல்மெட் இருக்கிறதே, வண்டி எங்கே?' என்று எந்தக் காவலரும் கேட்டதில்லை. இரட்டைப்படை எண் சீட்டைத் திருப்பிய படித்தவர்கள் பலர், வேசனின் சீட்டுகளிடம் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

தர்க்கம் என்பதே மேற்கிலிருந்து வந்த சரக்கு, நமக்கு ஒட்டாது என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஆனால் பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் காஞ்சியில்தான், மணிமேகலைக்கு அவள் குரு அறவண அடிகள் அளவை என்ற தர்க்க இலக்கணம் சொல்லித் தருகிறார். காப்பியத்தின் 29ஆம் காதையில் பெரும்பகுதி அதுதான். போட்டித் தேர்வுக்கு மணிமேகலையை மனப்பாடம் செய்கிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடமும் அதுதான். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். நெருப்பைக் கண்டு புகையை ஊகிக்கக் கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை கிடையாது என்று இந்தியத் தர்க்கவாதிகள் உதாரணம் காட்டினார்கள். புகைக்கு நெருப்போடு ஈர விறகும் வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு காய்ச்சுகிறவருக்கு இதைப் போய் விளக்கினால் சிரிப்பார். 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று அடுத்த வீட்டு வம்பு பேசுகிறவர்கூடத் தர்க்கத்தில் சரியாகத்தான் இருக்கிறார். அவர் கண்டது புகையா பனியா என்பதே கேள்வி. அதையும் எச்சரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் அறவண அடிகள்.

சரி, கிராம நிர்வாக அலுவலராகப் போகிறவருக்கு இந்த நுணுக்கம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். எனக்குத் தெரிந்து, நில விவகாரங்களைப் பார்க்கப் போகிற அவருக்குத்தான் அதிகம் தேவை. பூந்தமல்லிப் பக்கம் மனை வாங்குகிறவர், சி.எம்.டி.ஏ. அனுமதி இருக்கிறது, வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்றதும் முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். அனுமதி மனைப்பிரிவுக்குத்தான், விற்பவரின் உரிமைக்கு அல்ல. வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே தெரியும். இரண்டும் தேவை, இரண்டும் சேர்ந்தும் போதாது. இதை முதலிலேயே பிரித்துப் பார்க்காதவர் பிறகு நீதிமன்றத்தில் வருடக்கணக்காகப் பிரித்துப் பார்க்கிறார்.

தேர்வே இதற்கு நல்ல உதாரணம். கிராம நிர்வாக அலுவலராக எழுத வேண்டிய குரூப் 4 தேர்வுக்கு 300 மதிப்பெண். குறைந்தபட்சம் 90 எடுக்க வேண்டும். 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். 90 எடுக்காதவருக்கு வேலை இல்லை. 90 மட்டும் எடுத்தவருக்கும் வேலை இல்லை. பயிற்சி மையத்து விளம்பரங்கள் 'சேர்ந்தால் வேலை' என்று எழுதுகின்றன. சேராமலும் சிலர் தேறுகிறார்கள், சேர்ந்தும் பலர் தேறுவதில்லை என்பதால், சேர்வது தேவையும் அல்ல, போதுமானதும் அல்ல. விளம்பரத்தை எழுதிய பெயின்டருக்கு மட்டும் கூலி கிடைத்திருக்கும்.

வினா எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று வினாத்தாளில் அச்சிடுகிறீர்கள். தமிழில் படித்து எழுதுகிற பிள்ளைகளுக்கு 'வந்தால்' எது, 'வந்தால்தான்' எது என்று பார்த்து, அந்தத் 'தானை' விடாமல் அச்சிட்டுக் கொடுங்கள்.