தாசானுதாசர் ஏறிய பல்லக்கு

சீஷர்களின் பாதங்களைக் குனிந்து கழுவித் துடைத்த குருநாதரின் பெயரால் நடைபெறும் திருச்சபையில், கி.பி. 590இல் ரோமாபுரியின் பீடமேறிய முதலாம் கிரகோரியார், கான்ஸ்டாண்டிநோபிள் பிதாப்பிதா அகில உலகப் பட்டம் புனைந்துகொண்டதைக் கண்டித்தவராய், தம்மைத் தேவ ஊழியர்க்கெல்லாம் ஊழியன் என்றே குறித்துவந்தது சரித்திரப் பிரசித்தம். அவ்விருது பின்வந்த பாப்பரசர்களுக்கும் பரம்பரைச் சொத்தாயிற்று. ஆயினும் அந்தத் தாசானுதாசர் மூன்றடுக்குக் கிரீடம் தரித்து, பன்னிருவர் தோள்கொடுத்துச் சுமந்த ஆசனத்தில், தீக்கோழி இறகு விசிறிகள் இருபுறமும் தொடரப் பவனி வருகையில், ஊழியம் செய்தவர் மேலே இருந்தவரா, கீழே நடந்தவர்களா என்னும் சந்தேகம் எந்தப் பாமரனுக்கும் எழாதிராது.

1964இல் ஆறாம் சின்னப்பர் அக்கிரீடத்தைப் பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டார். 1978க்குப் பின் ஆசனமும் ஏறுவாரற்றுப் போயிற்று. ஆனால் தாழ்மைக்கு வேறு வாகனம் கிடைக்காமலா போகும்? அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியொன்றில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த ராபர்ட் கிரீன்லீஃப் என்பார் 1970இல் ஊழியத் தலைமையைப் பற்றிக் கட்டுரை ஒன்று வரைய, அது கம்பெனிகளைச் சுற்றிவந்து சபைகளுக்குள்ளும் பிரவேசித்ததால், சுவிசேஷத்தில் பத்தொன்பது நூற்றாண்டுகளாக இலவசமாகக் கிடந்த பாடத்தைக் கருத்தரங்குகளில் கட்டணம் செலுத்திக் கற்கும் பாக்கியம் போதகர்களுக்கு வாய்த்தது.

தாம் ஊழியரென்று மேடையேறி அறிவிப்பவரை நம்புமுன், கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்குகிறவர் யாரென்று பார்த்துக்கொள்வது சபையாருக்கு நல்லது.