மகாராணிக்குப் பசியில்லை

தஞ்சைப் பக்கம் பூனைக்கு வேலை கொடுத்ததே நெல்தான். பத்தாயம் இருந்த வீட்டில் எலி இருந்தது. எலி இருந்தவரை பூனையின் சாப்பாட்டைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இப்போது களத்து நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டில் மிச்சம், சிறுநீரகம் பழுதான ஒரு கிழட்டுப் பூனையும், தட்டோடு அதன்முன் குந்தியிருக்கும் குடும்பமும்தான்.

வந்தவரை இலையைவிட்டு எழவிடாத ஊர் இது. அந்த உபசாரம் பூனையிடம் எடுபடாது. திருவையாற்று அசோகாவை நீட்டினாலும் பலனில்லை. இனிப்பை உணரும் மரபணு பூனைக்குச் செயலிழந்து கிடப்பதை 2005இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மீன்குழம்பு? வெங்காயமும் பூண்டும் அதற்கு நஞ்சு.

வாயைப் பிளந்து ஊட்டுவது இன்னும் மோசம். குமட்டும் நேரத்தில் திணித்த உணவை அப்புறம் அது மோந்துகூடப் பார்க்காது. கொதிக்கும் பாலை வைத்து, பாலைக் கண்டாலே பூனையை ஓடவைத்தானே தெனாலிராமன், அந்தக் கதை கால்நடை மருத்துவப் பாடத்தில் இருக்கவேண்டியது.

முள் நீக்கிய விரால், உப்புப் போடாமல் வேகவைத்து, வெதுவெதுப்பாக. வாசனை ஏறினால்தான் மகாராணி தட்டின் பக்கம் மூக்கைத் திருப்புவார். அமெரிக்காவில் 2018இல், இளைக்கும் பூனைக்கு எடை ஏற, காதுமடலில் தடவும் ஒரு களிம்புக்கே அனுமதி கொடுத்தார்கள்.

பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். உடனே வயர்கூடை, ஆட்டோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. வண்டியில் கூடவே ஏறும் தாத்தாவுக்கும் கிரியாட்டினின் அதிகம்தான். அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.