ஸ்டாம்பு மாப்பிள்ளை

காதலிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா நல்ல ஏமாத்துக்காரனாப் பாத்துக் காதலி, தாயி. நான் ஏன் குறுக்க நிக்கப்போறேன்? யோக்கியனைக் கட்டிக்கிட்டு ஒங்க பாட்டியும் ஒங்கம்மாவும் என்னத்தக் கண்டாக? யோக்கியன் நீ பேசுறப்ப பேப்பர் படிப்பான். நீ பொறந்த தேதி அவனுக்கு ஞாபகம் இருக்காது. ஏமாத்துக்காரன் அப்படியா? நீ சொல்ற ஒரு வார்த்தையைக் கீழ விடமாட்டான். ஒனக்கு எந்தப் பூ பிடிக்கும், எதைக் கண்டாப் பயம், ஒங்கப்பன் பேர்ல எத்தனை ஏக்கர், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். கட்டுன பொண்டாட்டியை இம்புட்டு அக்கறையாக் கவனிச்ச ஆம்பளை இந்தச் சுத்துப்பட்டுல ஒருத்தனும் கிடையாது.

நேத்து நீ போன்ல போட்டுக் காட்டுனியே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ‘சஸ்பிஷன்’னு. ஹிட்ச்காக் எடுத்தது, 1941-ல வந்ததுன்னு சொன்ன. கடைசியில நீ மூக்கை உறிஞ்சிக்கிட்டு ‘என்னா காதல் தாத்தா’ன்ன. நான் சிரிச்சேன்னு கோவிச்சுக்கிட்டு அந்தாண்ட போயிட்ட. எதுக்குச் சிரிச்சேன்னு கேக்கவே இல்லையே நீ.

மொத சீனை மறுபடி போட்டுப் பாரு. இங்கிலாந்துல ரயில் ஓடுது. லீனாங்கிற அந்தப் பொண்ணு, ஜெனரலோட மக, மொத வகுப்புல உக்காந்து கண்ணாடி போட்டுப் புஸ்தகம் படிக்கிது. ஜானின்னு ஒருத்தன் உள்ள வர்றான். கோட்டு சூட்டெல்லாம் பிரமாதம். கையில இருக்கிறது மூணாம் வகுப்பு டிக்கெட்டு. டிக்கெட் பரிசோதகர் வந்து மிச்சக் காசைக் குடுன்னு நிக்கிறாரு. ஜானி பையைத் தடவுறான், கொஞ்சம் குறையுது. என்ன பண்ணுனான்? முன்னப்பின்ன தெரியாத அந்தப் பிள்ளை பர்சுல ஒரு ஸ்டாம்பு தெரியுது, அதை எடுத்து நீட்டிட்டான். போதாததுக்கு, இதை ஒட்டி ஒங்கம்மாவுக்குக் கடுதாசி போடுய்யான்னு அந்தப் பரிசோதகரையும் கிண்டல் பண்றான்.

நான் தபால்காரனா இருந்து ரிட்டையரானவன். ஸ்டாம்பும் காசுதான்னு ஒருத்தன் சொன்னா எனக்குப் பெருமைதான். ஆனா அது அவ காசு, தாயி. அவன் பேரு ஊரு தெரியுறதுக்கு முந்தியே அவ பர்சு அவன் கைக்குப் போயிருச்சு. இதுக்கு மேல ஒருத்தன் தன்னைப் பத்தி என்ன வாக்குமூலம் குடுக்கணும்? ஆளு மர்மமா இருக்கான்னு படம் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தியே, மர்மம் எங்க இருக்கு? ரயிலு அடுத்த ஸ்டேஷனைத் தாண்டுறதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிட்டான். அவளுக்குத்தான் அது குறும்பாத் தெரிஞ்சுது. ஒனக்கும்தான். நீ அந்த இடத்துல சிரிச்ச, நான் பாத்தேன்.

சரி, அவ ஏன் விழுந்தா? நீ சொல்லுவ, ஜானியா நடிச்ச கேரி கிராண்டு அம்புட்டு அழகுன்னு. அழகுதான், இல்லைங்கல. அந்த ஆளோட சொந்தப் பேரே வேற, ஆர்ச்சிபால்டு லீச்சாம். ஆனா அவ விழுந்தது அழகுக்கு இல்ல. ஜன்னலுக்கு அங்கிட்டு அவ அப்பனும் ஆத்தாளும் பேசிக்கிறது காதுல விழுகுது பாரு: இவளுக்கெல்லாம் கலியாணமா, இப்படியே இருந்துட்டுப் போகவேண்டியவதான்னு. கேட்ட மறு நிமிஷம் திரும்பி ஜானிக்கு ஒரு முத்தத்தைக் குடுத்துட்டா. அவன் செஞ்ச வேலையில பாதி வேலையை அந்தக் கெழவன் கெழவி வாய் செஞ்சு குடுத்துருச்சு. சம்பளம் இல்லாத கையாளுக. ஒங்கம்மாகிட்ட இதைச் சொல்லு. நீ வீட்டுக்கு வர்றப்பல்லாம் ‘ஒன் வயசுல எனக்கு ரெண்டு பிள்ளை’ன்னு ஆரம்பிக்கிறாள்ல, அதுக்கு ஒவ்வொரு தடவையும் எவனோ ஒருத்தனுக்கு வேலை சுளுவாயிருது.

ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாங்க. தேனிலவு தடபுடல், திரும்பி வந்து அரண்மனை கணக்கா ஒரு வீடு. எல்லாம் கடன். அவ அப்பன் சீர் அனுப்புறாரு, பரம்பரையா வந்த ரெண்டு நாற்காலி. அதை இவன் வித்துட்டான். கேட்டா ஒரு கதை. அவ கடை ஜன்னல்ல அந்த நாற்காலியைப் பாத்துட்டா. அப்பவும் அவன் சளைக்கலையே! ஒருநா குதிரைப் பந்தயத்துல ஜெயிச்சேன்னு வந்து, வேலைக்காரிக்கு வரைக்கும் பரிசு வாங்கிக் கொட்டி, அந்த நாற்காலியையும் மீட்டுக் கொண்டாந்து நிறுத்திட்டான். இங்கதான் நீ மொதத் தடவை கண்ணைத் தொடச்ச. அவ சொத்தை வித்து, அவளுக்கே திருப்பிக் குடுத்ததுக்கு நன்றிக் கண்ணீர்! பெறகுதான் தெரியுது, வேலை பாத்த இடத்துல, சொந்தச் சித்தப்பன் பெரியப்பன் வகையறாகிட்ட, 2,000 பவுண்டைச் சுருட்டிட்டு வேலையையும் தொலைச்சுட்டு நிக்கிறான்னு. மாமனாரு செத்ததும் சொத்து வரும்னு பாத்தான். வந்தது மாமனாரு படம். பெருசு செத்தும் விவரமா இருந்திருக்கு.

அங்கிட்டுக் கதை கொலைப் பக்கம் திரும்புது. கூட்டாளி ஒருத்தன் பாரிசுல செத்துப் போறான். பக்கத்து ஊர்ல துப்பறியும் கதை எழுதுற பொம்பளைகிட்டப் போயி, தடயம் இல்லாம எந்த வெசம் கொல்லும்னு இவன் வெவரம் கேக்குறான். இவளுக்குக் கைகாலு நடுங்குது. அப்பத்தான் அந்தப் பால் வருது. நம்ம ஊர்ல பொண்ணு பால் சொம்போட உள்ள போவா. அங்க புருஷன்காரன் பால் தம்ளரைத் தட்டுல ஏந்திக்கிட்டு இருட்டுல மாடி ஏறி வர்றான். பாலு மட்டும் பளீர்னு மின்னுது. தம்ளருக்குள்ள சின்ன பல்பை வச்சுப் படம் எடுத்தாராம் ஹிட்ச்காக். எல்லாக் கண்ணும் பால் மேலதான் நிக்கணும்னு. அந்த ஆளுகிட்ட ஒரு கிராமத்துப் புத்தி இருக்கு, எனக்குப் பிடிச்சுப் போச்சு.

அவ குடிக்கல. விடியிறப்ப தம்ளரு அப்படியே இருக்கு. ஆத்தா வீட்டுக்குப் போறேங்கிறா, நான் கொண்டு விடுறேன்னு காரை எடுக்குறான். மலை ஓரம், கடலு கீழ, கதவு தொறந்துக்கிது, இவ அலறுறா. நிறுத்திட்டுச் சொல்றான்: ஒன்னைத் தள்ளலடி, பிடிச்சு இழுத்தேன். வெசத்தைப் பத்திக் கேட்டது என்னையே முடிச்சுக்கத்தான். இனிமே ஜெயிலுன்னா ஜெயிலுன்னு. அம்புட்டுத்தான். அவ மனசு எளகுது, காரு வீட்டைப் பாத்துத் திரும்புது, அவன் கை அவ தோளு மேல விழுகுது. நீயும் மூக்கை உறிஞ்சுன.

நான் சிரிச்சது இங்கதான். யோசிச்சுப் பாரு. அவன் எதை மறுத்தான்? கொலையை மட்டும். சுருட்டுன 2,000 பவுண்டு அப்படியே இருக்கு. நாற்காலிக் கதை, வேலைக்குப் போறதா ஏச்சது, கடன் எல்லாம் இருக்கு. ஆனா ‘ஒன்னை நான் கொல்லல’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னதும் அவளுக்கு எம்புட்டு நிம்மதி! படம் பாத்த ஒனக்கு எம்புட்டு நிம்மதி! கொலைகாரனோன்னு பயந்து பயந்து இருந்துட்டா, வெறும் திருடன்னு தெரியிறப்ப அவன் உத்தமனாயிர்றான். ரயில்ல ஒரு ஸ்டாம்பை எடுத்தவனை அன்னைக்கே ‘வைடா கீழ’ன்னு சொல்லியிருக்கலாம். இப்ப என்னடான்னா உசுரை எடுக்காததுக்கு நன்றி சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போறா. ஏமாத்துக்காரன் பறிச்சுக்கிட்டுப் போறது நகையும் நாற்காலியும் மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்கியா? நீ எம்புட்டுத் தாங்குவங்கிற அளவுகோலையும்தான் சுருட்டிட்டுப் போயிர்றான்.

இந்த முடிவை ஹிட்ச்காக்கும் மனசாரச் செய்யலையாம். மூலக் கதை 1932-ல வந்த நாவல். எழுதுனவரு ஆண்டனி பெர்க்லி காக்ஸ், புஸ்தகத்துல பேரு பிரான்சிஸ் ஐல்ஸ். பாரு, இங்கயும் ஒரு பொய்ப் பேரு. அந்த நாவல்ல அவன் நெசமாவே கொலைகாரன், அவளும் தெரிஞ்சே குடிச்சிர்றா. ஹிட்ச்காக் மனசுல இருந்தது இன்னும் ருசி. லீனா ஆத்தாளுக்கு ஒரு கடுதாசி எழுதுறா: நான் இவன் மேல உசுரையே வச்சிருக்கேன், ஆனா இவன் கொலைகாரன்னு. ஒட்டிட்டு, இதைத் தபால்ல போட்டுருன்னு அவன் கையிலயே குடுத்துட்டுப் பாலைக் குடிக்கிறா. அவன் சீட்டியடிச்சுக்கிட்டே போயிப் பெட்டியில போடுறான். எடுத்திருந்தா தபால் இலாகாவுக்கே ஒரு கௌரவமா இருந்திருக்கும். அன்னைக்கு அவ ஸ்டாம்பை எடுத்து ஒங்கம்மாவுக்குக் கடுதாசி போடுன்னானே, அந்தக் கடன் அப்பத்தான் தீர்ந்திருக்கும். கம்பெனிக்காரனுக்கு மனசு வரலை. கேரி கிராண்டு கொலைகாரனா இருந்தா சனங்க ஒத்துக்காதுன்னுட்டான்.

அதைவிட ஒரு கூத்து இருக்கு. படத்தை எடுத்த ஆர்கேஓ கம்பெனியில ஒரு பெரிய மனுஷன், ஜானி கொலைகாரனோன்னு சந்தேகம் வர்ற இடத்தையெல்லாம் வெட்டிப்புட்டாராம். மிச்சம் நின்னது 55 நிமிஷம். ஹிட்ச்காக்கே பின்னாடி த்ரூபோங்கிற பிரெஞ்சு டைரக்டர்கிட்டச் சொன்னது. பெறகு அவுகளுக்கே சிரிப்பு வந்து, வெட்டுனதை ஒட்டிட்டாக. இதை நெனச்சு ராத்திரி படுக்கையில ரொம்ப நேரம் சிரிச்சேன். ஒன்னோட ‘என்னா காதல்’ல சந்தேகத்தைக் கழிச்சா எத்தனை நிமிஷம் நிக்கும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாரேன்.

படம் வந்த அந்த வருஷம் அமெரிக்காவுக்கே பொண்ணு ஏமாறுற கதைதான் பொழப்பா இருந்துச்சு போல. லீனாவா நடிச்ச ஜோன் பான்டெயினுக்குச் சிறந்த நடிகைன்னு ஆஸ்கார் குடுத்தாங்க. போட்டியில அவ கூடப்பொறந்த அக்கா ஒலிவியா டி ஹாவிலாண்டும் இருந்தா. அக்கா படத்துல என்ன கதைங்கிற? அமெரிக்காவுக்குள்ள நொழைய வழி இல்லாம மெக்சிகோ எல்லையில கெடக்குற ஒருத்தன், அதுக்காகவே ஒரு வாத்தியாரம்மாவைக் காதலிக்கிறதா நடிச்சுக் கட்டிக்கிறான். அக்காளும் ஏமாந்தா, தங்கச்சியும் ஏமாந்தா. தங்கச்சி கொஞ்சம் நல்லா ஏமாந்தான்னு அவளுக்குப் பரிசு. ஆம்பளைக ஏமாத்துறதுக்கு ஒரு பரிசும் குடுக்கல, தொழில்னு விட்டுட்டாக.

படம் கிடக்கட்டும். நெசத்துல நடந்ததைக் கேளு. பிரான்சுல லாண்ட்ருன்னு ஒருத்தன், மொத உலகச் சண்டைக் காலத்துல. வழுக்கைத் தலை, தாடி. கேரி கிராண்டெல்லாம் இல்ல. பேப்பர்ல விளம்பரம் குடுப்பான்: பொண்டாட்டி செத்தவன், வருமானம் உண்டு, விதவைப் பொண்ணு தேவைன்னு. 283 பொம்பளைககிட்ட இவன் தொடர்பு வச்சிருந்ததாப் போலீசுல கணக்கு எடுத்தாக. பத்துப் பொம்பளைகளையும் ஒருத்தியோட பையனையும் கொன்னதாத் தீர்ப்பாயி, 1922-ல தலையை வெட்டுனாக. அவனுக்கு எதிராச் சாட்சி சொன்னது அவனோட கணக்கு நோட்டுதான். செலவு ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கான். கிராமத்து வீட்டுக்குப் போறப்ப ரயில் டிக்கெட்டு: தனக்குப் போக வர, கூட வர்றவளுக்குப் போக மட்டும். சாகப் போறவளுக்கு வர்ற டிக்கெட்டு எதுக்கு, தண்டச் செலவுன்னு. எம்புட்டுக் காதல் பேசியிருப்பான்! பேச்செல்லாம் காத்துல போச்சு, டிக்கெட்டுக் கணக்கு நின்னுச்சு.

இப்ப உள்ளவன் இன்னும் தேறிட்டான். 2022-ல ஒரு ஆவணப்படம் வந்துச்சே, இஸ்ரேல்காரன், வைர வியாபாரி மகன்னு சொல்லிக்கிட்டு சைமன் லெவியேவ்னு பேரையே மாத்திக்கிட்டவன். மொத சந்திப்புக்கே தனி விமானம். பெறகு ஒருநா, எதிரிக வந்துட்டாக, காவலுக்கு இருக்கிறவன் மண்டை ஒடஞ்சு ரத்தம்னு போட்டோ வரும். என் கார்டைப் பயன்படுத்துனாக் கண்டுபிடிச்சிருவாக, ஒன் கார்டைக் குடுன்னுவான். மொத பொண்ணு கடன் வாங்கிக் குடுத்த காசுதான் ரெண்டாவது பொண்ணுக்கு விமானம். இஸ்ரேல் கோர்ட்டுல 15 மாசம் தண்டனை, அஞ்சு மாசத்துல வெளிய வந்துட்டான். அந்தப் பொண்ணுக கடன் கட்டி முடிய அம்புட்டு மாசம் பத்தாது.

ஜானி இவுக முன்னால கத்துக்குட்டி. அவன் மொதல்ல எடுத்தான், அதனால கொஞ்சம் கண்ணு தொறந்து இருந்தாத் தப்பிச்சிரலாம். தேறுனவன் மொதல்ல குடுப்பான்.

சரி, ஒன் ஆளுக்கு வர்றேன். மொறைக்காத. கடுதாசியைப் பிரிக்காமலே கவரைப் பாத்து ஊர்ச் சேதி சொன்னவன் நான், போனைக் கவுத்து வைக்கிற பேத்தியைத் தெரியாதா? என்ன வேலை பாக்குறான்னு கேட்டேன், ‘பிசினஸ்’ன்ன. என்ன பிசினஸ்னேன், ‘ஆன்லைன்’ன்ன. ஊரு எதுன்னேன், ‘அவரு பல ஊர்ல இருந்துருக்காரு’ன்ன. ஜெனரல் மகளாவது நேர்ல பாத்து ஏமாந்தா.

அவனை ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. ஒங்கம்மாவை நான் பாத்துக்கிறேன், வாயைத் தொறக்கமாட்டா. கெளம்புறப்ப நானே அவனை ஓரமாக் கூட்டிப்போயி, மாப்பிள்ளை, பஸ்சுக்குச் சில்லறை இருக்கான்னு கேட்டு ஒரு ஐநூறு ரூபாயைக் கையில திணிச்சு விடுறேன். பெறகு காத்திருப்போம். ரெண்டே நாள்ல ஒரு கிலோ அல்வாவோட வந்து, தாத்தா இந்தாங்க ஒங்க பணம்னு கையைப் பிடிச்சுக் கண்கலங்கினான்னு வச்சுக்க, அன்னைக்கே ஒங்கப்பனுக்குப் போன் போட்டுப் பத்திரத்தையெல்லாம் பேங்கு லாக்கர்ல வைக்கச் சொல்லிருவேன். அல்வாவைச் சாப்பிட்டுட்டுத்தான்.

காசைத் திருப்பியே தரலேன்னா? ஒண்ணும் பயமில்ல, தாயி, நீ கட்டிக்க. அவன் வெறும் கடன்காரன். ஒங்க பாட்டி கட்டிக்கிட்டதும் அந்த ரகம்தான், காலம் ஓடிப்போச்சு.