செவியோர ஒலிவாங்கியும் எண்வகை மெய்ப்பாட்டு ஒடுக்கமும்: ஓர் ஆய்வு

கச்சேரிக்கு மறைவாக ஒலிவாங்கி அணிந்து வரும் ரசிகரை ஆராய நம் பல்கலைக்கழகங்கள் எதுவும் இன்னும் ஓர் இருக்கை ஒதுக்கவில்லை. சபாக்களோ காசு கொடுத்து வாங்கிய இருக்கையிலிருந்தே அவரை எழுப்பி வெளியே அனுப்புகின்றன. இந்த இரட்டைப் புறக்கணிப்பைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறுவ விழையும் கருதுகோள் ஒன்றே: ஒரு கச்சேரியை ஆகச் சிறப்பாகப் பதிவுசெய்தவர் எவரோ, அவரே அந்த அரங்கில் அதை ஆகக் குறைவாக ரசித்தவர்.

இத்துறையின் ஆதி புருஷர் லயனல் மேப்பிள்சன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபெராவின் நூலகர். 1901 முதல் 1903 வரை, நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சிகளை எடிசன் ஃபோனோகிராஃபின் மெழுகு உருளைகளில் பிடித்தார். முதலில் வசனம் எடுத்துக் கொடுப்பவரின் குழிக்குள் கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு மேடைக்கு மேலே உயரத்தில் இருந்த நடைபாலத்துக்கு ஏறிவிட்டார். அடுத்தவர் டீன் பெனடெட்டி என்ற சாக்ஸஃபோன்காரர். 1947-48இல் சார்லி பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்குப் போய், பார்க்கர் தனியாக வாசிக்கும்போது மட்டும் கருவியை ஓடவிட்டு, மற்றவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகும் நம்மூர் ரசிகர்களுக்கு இவரையே மூதாதையாகக் கொள்ள வேண்டும்.

மூன்றாமவர் மைக் மில்லர்ட். 1977 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஃபோரம் அரங்கில் லெட் ஸெப்பலின் கச்சேரி. மில்லர்டுக்கு நடப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கனத்த நாகமிச்சி கேசட் ரெக்கார்டரை உள்ளே கொண்டுபோக, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்தார். ஒலிவாங்கிகள் தொப்பியில். இசைக்காகச் சொத்தை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு; நடையைத் துறந்தவர் இவர் ஒருவரே.

நம் பக்கம் நிலைமை வேறு. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் பாடினாலே பெரிது. அரியக்குடியும் ஜி.என்.பி.யும் மதுரை மணி ஐயரும் முழுக் கச்சேரியாக இன்று நமக்குக் கேட்கிறார்கள் என்றால், அதில் ஸ்பூல் டேப் வைத்திருந்த ரசிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பெட்டியை மறைக்க வழியில்லாததால் அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

மறைக்கும் வழியைத் திறந்துவிட்டவர்கள் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும். 1962இல் பெல் ஆய்வகத்தில் அவர்கள் உருவாக்கிய எலெக்ட்ரெட் ஒலிவாங்கி, பின்னாளில் மிளகளவுக்குச் சுருங்கியது. அவற்றில் இரண்டைக் காதோரமோ கண்ணாடிக் காம்பிலோ பொருத்தினால், மெல்லிய ஒயர் ஒன்று சட்டைக்குள் இறங்கி, பாக்கெட்டில் இருக்கும் ரெக்கார்டரைச் சேரும். மின்சாரமும் அதே ஒயர் வழியே வந்துவிடும்.

மிச்சக் கருவி, அணிந்தவரின் தலை. இரு காதுகளுக்கும் இடையே சுமார் 18 செ.மீ. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைத் தொட்டபின் மறுகாதை எட்ட, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே ஆகும். உச்ச ஒலிகளைத் தலை சற்று மறைத்தும் விடும். வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம் என்று மூளை கண்டுகொள்வது இந்தச் சிறு வேறுபாடுகளால்தான். பின்னர் ஹெட்போனில் கேட்பவர் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதாக உணர்வதும் இதனால்தான். சங்கீதம் கேட்கத் தலை எதற்கு என்ற பழைய ஐயத்துக்கு இங்கே விடை கிடைக்கிறது: நடுவில் தடுப்பாக நிற்பதற்கு.

தொல்லையும் அதே தலையால்தான். தலை திரும்பினால் பதிவில் மேடையே திரும்பும். யார் எழுந்து போகிறார் என்று ஒரு கணம் பார்த்தால் போதும், வயலின்காரர் மிருதங்கக்காரரின் மடிக்கு வந்துவிடுவார். தலையாட்டினாலோ மேடையில் ஒருவருமே தரித்து உட்கார மாட்டார்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றை வெளிக்காட்டுவது எப்படி என்பது அவர் கவலை. எட்டையும் விழுங்குவது எப்படி என்பது பதிவரின் கவலை. அழுகை: விருத்தத்தில் கண் கலங்கலாம், மூக்கை உறிஞ்சலாகாது. மருட்கை: 'ஆஹா' என்றால், ஒலிபெருக்கி வைத்துப் பாடும் வித்வானைவிட அந்த ஆஹாவே பதிவில் ஓங்கி நிற்கும். வெகுளி: யாருடைய செல்போனோ சிணுங்கினால் 'உஷ்' என்று அடக்கக் கூடாது, செல்போன் நான்கு வரிசை தள்ளி இருக்கிறது, உஷ் நான்கு விரற்கடையில் பிறக்கிறது. உவகை: தொடையில் தாளம் தட்டக் கூடாது, கைதட்டவும் கூடாது. இளிவரலுக்கு அவர் கூறிய காரணங்களில் பிணியும் ஒன்று. மார்கழியில் பிணி என்றால் இருமல். அச்சம் ஒன்றுக்கு மட்டும் அனுமதி உண்டு, பேட்ஜ் குத்திய தொண்டர் டார்ச் விளக்கோடு வரிசையை நெருங்கும்போது. பெருமிதம் வீட்டுக்குப் போன பிறகு. நகைதான் எல்லாவற்றிலும் கடினம்.

அதற்குக் காரணம் பக்கத்து இருக்கைகள். ஆலாபனை தொடங்கி அரை நிமிடம்கூட ஆகாமல் இடப்பக்கத்து மாமா 'பந்துவராளி' என்று மாமியிடம் அறிவிப்பார். வலப்பக்கத்தவர் தமக்குத்தாமே 'பூர்விகல்யாணி' என்பார். பதிவர் வாய் திறக்க முடியாது. தீர்ப்பு தெரிந்தும் சொல்ல முடியாத ஒரே நீதிபதி அவர். ஹெட்போனில் கேட்டால் இடக்காதில் ஒரு ராகம், வலக்காதில் ஒரு ராகம், நடுவில் வித்வான். பட்டுப்புடவைச் சரசரப்பு, இருமல் மிட்டாயின் உறை பிரியும் சத்தம், தனியின்போது வரிசையாக நாற்காலிகள் மடங்கும் ஓசை எல்லாமே இசைக்குச் சமமான நேர்மையோடு பதிவாகும். ஆகவே இவை கச்சேரிப் பதிவுகள் என்பதைவிட, கச்சேரி பின்னணியில் ஒலிக்கும் அண்டை வீட்டாரின் வரலாறு என்பதே பொருந்தும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் கலைஞருக்கு நிகழ்த்துநர் உரிமையை வழங்கியது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவோ, பதிவுசெய்பவரின் சொந்தப் பயனுக்காகவும், உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்காகவும் செய்யும் ஒலிப்பதிவு அந்த உரிமையை மீறுவதாகாது என்கிறது. (இக்கட்டுரை ஆராய்ச்சி என்பதை வாசகர் கவனிக்க.) ஆனால் அரங்கத்துக்கென்று தனி விதி உண்டு. வாசலில் நிற்கும் தொண்டரிடம் 39ஆம் பிரிவை எடுத்துச் சொல்லி உள்ளே போனவர் இல்லை.

முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லியில் கிரேட்ஃபுல் டெட் குழு, ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் பதிவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியது. அங்கே ஒலிவாங்கிகள் காடாக முளைத்தன. அப்படியும் சிலர் மேசைக்கு முன்னால் வந்து ஒளிந்து பதிவுசெய்வதை விடவில்லை.

எனவே சபாச் செயலாளர்களுக்கு விண்ணப்பம்: பதிவருக்கென்று ஒரே ஒரு வரிசை ஒதுக்குங்கள், அது கேண்டீன் கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம். அதுவரை, சக ரசிகர்களே, கச்சேரியில் கைதட்டாமல், தலையாட்டாமல், இரும வந்தும் இருமாமல் ஒருவர் கல்லாகச் சமைந்திருக்கக் கண்டால், ரசனை இல்லாதவர் என்று எண்ணாதீர்கள். அவரிடம் ராகம் என்னவென்று கேட்காதீர்கள். இருமல் மிட்டாயை வீட்டிலேயே உரித்துக் கொண்டு வாருங்கள்.