பஞ்சாப் சிவகாசிக்குப் போயிருக்கிறது

“பஞ்சாப் சிவகாசிக்குப் போயிருக்கு சார். ஞாயித்துக்கெழமதான் திரும்பும். அசாம் இருக்கு, எடுத்துக்கிறீங்களா?”

ராஜபாளையத்தில் நடன உடைகளை வாடகைக்கு விடும் கடை. எனக்கு முன்னால் நின்றவர் அசாமைத் தொட்டுப் பார்த்து, “இது கேரளாச் சேலையில்ல?” என்று சந்தேகப்பட்டார். “போன வாரம் வரைக்கும் கேரளாதான் சார். செவப்பு ஜாக்கெட் போட்டா அசாம்” என்றார் கடைக்காரர். குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் ஒரே பாவாடை. துப்பட்டாவை எந்தத் தோளில் போடுகிறோம் என்பதில்தான் எல்லைக்கோடு. ஒடிசா கிழிந்துபோய்த் தையற்காரரிடம் இருந்தது. 1956-ல் மாநிலங்களைப் பிரித்து அமைக்க டெல்லியில் கமிஷன், அறிக்கை, சட்டம் என்று என்ன பாடுபட்டார்கள்! இங்கே பள்ளி ஆண்டு விழாக்கள் நடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு பெட்டி ஊக்கை வைத்துக்கொண்டே அதை முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு வேண்டியது காஷ்மீர்.

“காஷ்மீருக்கு ரெண்டு பித்தான் இல்ல. பரவால்லையா? அட்வான்ஸ் குடுத்துருங்க. லிப்ஸ்டிக் கறை பட்டுச்சுன்னா பிடிச்சுக்குவேன்.”

எனக்கு ஊர் ஆலங்குளம். ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஊரை நினைப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், எங்களுடையது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல் ஓடத் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலைதான் எங்கள் அடையாளம். ஆலை வேலைக்காகப் பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ராஜபாளையம் போனால் தெலுங்கு காதில் விழும், சங்கரன்கோவில் பக்கம் போனால் திருநெல்வேலித் தமிழ். ஆகவே கலந்து வாழ்வதை எங்களுக்கு யாரும் மேடை போட்டுக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஆண்டு விழாவில் கடைசி நிகழ்ச்சியாக ‘வேற்றுமையில் ஒற்றுமை’ நடனம் வைக்காவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்று எல்லாப் பள்ளிகளும் நம்புகின்றன. அதிலும் ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டத்தில் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு ஜோடியாக ஜம்மு காஷ்மீரைப் பிடித்துப் போட்டிருக்கிறது. என் மகள் வகுப்புக்குக் காஷ்மீர் விழுந்தது.

காஷ்மீரத்துப் பெண்கள் ஆடுவது ரவுஃப் என்ற நடனம். இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, தோளோடு தோள் கைகோத்து, முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி வைத்து ஆடுவார்கள். பனி உருகி வசந்தம் வருகிற காலத்துக்கு உரிய ஆட்டம். பனி என்பதை ஃப்ரீசரில் மட்டும் பார்த்த பிள்ளைகள் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு, நிழலே இல்லாத மைதானத்தில், வசந்தம் வந்த மகிழ்ச்சியை முகத்தில் காட்டி ஒத்திகை பார்த்தார்கள். மகிழ்ச்சி சரியாக வரவில்லை. வியர்வை வந்தது.

நடன மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதர் பத்து மாநிலங்களையும் தனி ஆளாகச் சமாளித்தார். வலது கால் முன்னே, இடது கால் பின்னே, ஒரு சுற்று, ஒரு கைதட்டு. அவ்வளவுதான் அஸ்திவாரம். கை தலைக்கு மேலே போனால் பஞ்சாப், இடுப்புக்கு வந்தால் மகாராஷ்டிரம், வாய்க்குப் பக்கத்தில் போனால் அசாம். பிஹு ஆட்டத்தில் எருமைக் கொம்பு ஊதுவார்களாம்.

இந்தக் கலவை ஆட்டத்துக்கு ஒரு பெரிய பாட்டனார் உண்டு. உதயசங்கர். 1923-ல் லண்டனில் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவுக்கு ஜோடியாகக் கிருஷ்ணன் வேடத்தில் ஆடியவர். முறையாக எந்த நடனமும் அப்போது அவர் பயின்றிருக்கவில்லை என்பது எங்கள் மாஸ்டருக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் சம்பளம் கூட்டிக் கேட்பார். ஆனால் அதே உதயசங்கர் பின்னாளில் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் நடனப் பள்ளி தொடங்கியபோது, பரதத்துக்கு நம்மூர் கந்தப்பப் பிள்ளை, கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான் என்று துறைக்கு ஒரு குருவைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார். கந்தப்பப் பிள்ளை யார்? பாலசரஸ்வதிக்குக் கற்றுக்கொடுத்தவர். அப்படிக் கலந்து பழகிய கையோடு, ‘கல்பனா’ என்ற படத்தைச் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்து 1948-ல் வெளியிட்டார். லலிதாவும் பத்மினியும் அதில் ஆடினார்கள். கலக்க வேண்டுமானால் முதலில் கலப்பதற்கு நாலு சரக்கு தனித்தனியாகக் கைவசம் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருந்தது.

விழா நாள். ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினரின் வாழ்த்துரை, பரிசளிப்பு, பொன்னாடை எல்லாம் முடிய எட்டு மணி. அதுவரை இந்தியா முழுவதும் ஒரு வகுப்பறையில் அடைந்து கிடந்தது. அம்மாக்கள் பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்டார்கள்.

“டீச்சர், குஜராத்துக்கு ஒண்ணுக்கு வருதாம்.”

“கேரளா எங்க போச்சு? சவுரி கழண்டுக்கிட்டு நிக்குது பாருங்க.”

என் மனைவி ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள். “ஏங்க, காஷ்மீர் மயக்கம் வருதுங்குது, ஒரு எலுமிச்சம்பழ சோடா வாங்கிட்டு வாங்க.”

மூலையில் ஒரு பையனுக்குக் கதகளி வேடம். கேரளத்தில் அந்த முகத்தை எழுத மணிக்கணக்கில் ஆகும். அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்துத் தாடையோரம் சுட்டி கட்டுவார்கள், நடிகர் படுத்துத் தூங்கியே விடுவார். இங்கே அறிவியல் டீச்சர் பச்சைப் பூச்சை இரண்டு கன்னத்திலும் அப்பி, “தும்மாதடா” என்றார். அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவன்போல் தும்மினான். பக்கத்திலிருந்த வங்காளத்துக்கும் கொஞ்சம் பச்சை கிடைத்தது.

மேடையில் பஞ்சாப் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை சிவகாசியிலிருந்து பத்திரமாகத் திரும்பியிருந்த அதே பஞ்சாப். பென் டிரைவில் என்ன குளறுபடியோ, டோல் முழங்க வேண்டிய இடத்தில் அசாமியப் பாட்டு கிளம்பியது. மாஸ்டர் தலையில் கை வைத்தார். பிள்ளைகள் கலங்கவில்லை. வலது கால் முன்னே, இடது கால் பின்னே, ஒரு சுற்று, ஒரு கைதட்டு. தாளம் ஓர் இடத்திலும் இடறவில்லை! கூட்டம் விசில் அடித்தது. அடுத்து அசாம் வந்து பஞ்சாபிப் பாட்டுக்கு ஆடியது. அதுவும் கனகச்சிதம். சிறப்பு விருந்தினர், “தேச ஒருமைப்பாட்டைக் கண்ணாரக் கண்டேன்” என்று மைக்கை வாங்கிச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

கடைசியாகத் தமிழ்நாடு. பிளாஸ்டிக் கரகத்தை எலாஸ்டிக் வைத்துத் தாடையோடு கட்டி, சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். எனக்குப் பக்கத்தில் கம்பளத்து நாயக்கர் வீட்டுப் பெரியவர் ஒருவர், பேரன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார்.

“தேவராட்டம்னு பய சொன்னானே, எப்ப வரும் தம்பி?”

“இப்ப வந்துட்டுப் போச்சே தாத்தா, அந்தச் செவப்புத் துண்டு கட்டிட்டு நாலு பேர் குதிச்சாங்கள்ல?”

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “பாட்டு போட்டாங்களே” என்றார்.

அவர் பிடித்தது முக்கியமான இடம். தேவராட்டத்துக்குப் பாட்டு தேவையில்லை. தேவதுந்துபி என்ற தோல்கருவி முழங்கும், காலில் சலங்கை, கையில் துணி. கருவி அடி மாற்றினால் ஆட்டக்காரர்கள் வரிசை கலையாமல் கால் மாற்ற வேண்டும். ராஜகம்பளத்தார் வீடுகளில் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ஆடுவது. எங்கள் கரிசல் காட்டுச் சொத்து. இன்னொரு பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை. குல்லாய் தரித்து, கையில் தாளத்தோடு, பாசுரத்தைப் பாடி அபிநயிப்பார் அரையர். முத்துக்குறி என்ற பகுதியில் தாய், மகள், குறி சொல்லும் கட்டுவிச்சி மூவரும் அவர் ஒருவரே. கோயில் சேவையை மேடைக்குக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஒரே ஆள் மூன்று பேராவதை அருகில் வைத்துக்கொண்டு, நாற்பது பேரை ஒரே ஆட்டம் ஆட வைக்கிறோமே என்றுதான் தோன்றியது.

அரசுப் பள்ளிகள் இதில் பரவாயில்லை. 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் கிராமியக் கலைகளுக்கும் இடம் இருக்கிறது. எங்களைப் போல் கட்டணம் கட்டிப் படிக்க வைப்பவர்களுக்குத்தான் கதி இல்லை.

ஆகவே அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் போடப்போகும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பத்து மாநிலமும் இருக்கட்டும், பாட்டு மாறினாலும் பாதகமில்லை. காஷ்மீரை மட்டும் வாழ்த்துரைக்கு முன்னால் ஆடவிட்டு, கம்பளியைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தமிழ்நாடு முறை வரும்போது அந்த ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, நாயக்கர் தாத்தாவையும் ஒரு தேவதுந்துபிக்காரரையும் மேடையேற்றிப் பத்து நிமிடம் கொடுங்கள். சிறப்பு விருந்தினர் உரையில் அந்தப் பத்து நிமிடத்தைத் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். பெற்றோர் தரப்பில் ஆட்சேபணை எதுவும் வராது.