கையெழுத்துள்ள மட்டை: சிவகிரி வட்டாரத்தை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

மட்டையில் கையெழுத்து வாங்குவோர் இருவகையர்: பூட்டி வைப்போர், ஆடித் தீர்ப்போர். முன்னவர் லண்டனிலும் நியூயார்க்கிலும் மிகுதி, பின்னவர் சிவகிரியில். இப்பாகுபாட்டை முன்னோர் எவரும் செய்யாது விட்டமையால் யாமே செய்யலாயிற்று.

முதலில் எழும் ஐயம், ஆடியவர் மட்டை பெரிதா, நடித்தவர் மட்டை பெரிதா என்பது. 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தோனி சிக்சர் அடித்து முடித்த மட்டை, அதே ஆண்டு லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. 2016இல் அவர் கதை படமானபோது சுஷாந்த் சிங் ராஜ்புத் வேறொரு மட்டையைச் சுழற்றி அதே சிக்சரை அடித்தார். முதல் மட்டையே மெய், இரண்டாவது வேஷம் என்பர் பூட்டி வைப்போர். அற்றன்று. என்னையெனின், வாசுதேவநல்லூரிலிருந்து சிவகிரிக்கு வரும் பஸ்ஸில் இருப்பவரைக் கேட்டால், வான்கடேக்குப் போய் முதல் சிக்சரைப் பார்த்தவர் அரிது. அதை டிவியில் பார்த்தார். இதைத் தியேட்டரில் பார்த்தார். தியேட்டரில் திரை பெரிது. ஆகவே நடித்த மட்டைக்கு ஒரு சாண் கூடுதல் மதிப்பு உண்டு என்பது பெற்றாம்.

ஆட்டக்காரரே நடிக்கப் புகுந்தால் சிக்கல் முற்றும். பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1942இல் ‘தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்’ படத்தில் பேப் ரூத்தாகவே வந்தார். (அவர் 1932இல் போட்டிருந்த சட்டை 2024இல் 2.4 கோடி டாலருக்குப் போனது. துவைத்தார்களா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) பெலே 1981இல் ‘எஸ்கேப் டு விக்டரி’யில் போர்க்கைதியாகிப் பந்து உதைத்தார். சலீம் துரானி 1973இல் ‘சரித்ரா’ என்ற இந்திப் படத்தில் நாயகன். நம் சடகோபன் ரமேஷ் 2011இல் ‘போட்டா போட்டி’ நாயகன். இவர்கள் ஒப்பமிட்ட பந்தை விளையாட்டு அலமாரியில் வைப்பதா, சினிமா அலமாரியில் வைப்பதா? சிவகிரி வீடுகளில் அலமாரி ஒன்றே. அதிலும் மேல்தட்டு ரேஷன் கார்டுக்கும் பத்திரங்களுக்கும் உரியது.

இனி, எழுதப்படும் பொருளை ஆராய்வாம். எம்.ஜி.ஆர். ‘பெரிய இடத்துப் பெண்’ணில் (1963) சிலம்பம் சுற்றினார். அக்கம்பில் ஒப்பம் வாங்கியிருந்தாலும் நாலு சுற்றில் உள்ளங்கை வியர்வை அதைத் துடைத்திருக்கும். ‘முரட்டுக்காளை’ (1980) பார்த்தவர் ரஜினியிடம் கையெழுத்து வாங்குவார். சமமாக உழைத்த காளையிடம் யார் வாங்குவது? ‘லப்பர் பந்து’ (2024) வந்த பிறகு ரப்பர் பந்துக்கு மவுசு கூடிற்று. ஆனால் ரப்பரில் மை வழுக்கும். டென்னிஸ் பந்திலோ மயிர் உறிஞ்சிவிடும். கார்க் பந்து தாங்கும். முதல் ஓவர் வரைக்கும்.

போலிகள் தனி இயல். அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் ‘ஆபரேஷன் புல்பென்’ வேட்டையில் அன்னை தெரசா ஒப்பமிட்டதாக ஒரு பேஸ்பால் அகப்பட்டது. அம்மையார் வலக்கை வீச்சா, இடக்கை வீச்சா என்று விற்றவரை எவரும் கேட்கவில்லை போலும். அங்கே இதற்கென்று முத்திரைத்தாளும் சான்றிதழும் தரக் கம்பெனிகள் உண்டு. இங்கே டீக்கடை உண்டு. “அண்ணாச்சி, அவரு போட்டதுதானா?” என்றால் கிளாஸைக் கீழே வைக்காமலே, “நான் பக்கத்துலதானல நின்னேன்” என்பார். மறுத்துப் பேசினால் அவர் அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பது வரைக்கும் வரும். எந்தச் சான்றிதழும் இவ்வளவு விவரம் தராது.

அஃதேல், சிவகிரியில் ஒரு கையெழுத்து மட்டையும் எஞ்சாதது ஏன் எனின், ஞாயிற்றுக்கிழமை பெட் மேட்சுக்கு இன்னொரு மட்டை இல்லை. நல்ல மட்டையை ஷோகேஸில் நிறுத்திவிட்டு ஓட்டை மட்டையோடு இறங்கித் தோற்பதை எந்த அணியும் ஒப்பாது. அவர்கள் செய்வதே சரி என்பது எம் துணிபு.

ஆகவே பெரிய ஆட்டக்காரரோ அவராக நடித்தவரோ மேற்குமலைப் பக்கம் வந்தால், இளைஞர்கள் கையெழுத்தை மட்டையின் முன்முகத்தில் வாங்கற்க. பின்புறம், பிடிக்குக் கீழே, தோள்பட்டையை ஒட்டி வாங்குக. அங்கே பந்து படாது. பட்டால் எப்படியும் அவுட்.